முள் ஐம்பதில் நின்றது

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மீட்டர் கடை வைத்திருந்த அண்ணனிடம், ‘இன்னிக்கு வெயில் ஜாஸ்தி’ என்று சொல்லிவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார்.

“யாரு சொன்னா? அளந்தியா?”

இதுதான் அவர் பேச்சின் தொடக்கம், பல சமயம் முடிவும். பஸ், லாரி, டிராக்டர் எதுவானாலும் ஸ்பீடாமீட்டர் பழுதென்றால் எங்கள் பக்கத்தில் அவரிடம்தான் போக வேண்டும். எங்களுக்கு அவர் மீட்டர் அண்ணன். அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. புதிதாக வந்த ஒரு லாரி டிரைவர் பெயர் கேட்டபோது, “பேர வச்சு என்ன பண்ணப் போறீங்க, கேபிளக் குடுங்க” என்றார். அதனால் நானும் இங்கே பெயரை எழுதவில்லை.

கடை என்றால் ஒரு மேசை, ஒரு முக்காலி, சுவர் முழுக்க ஆணிகள், அவ்வளவுதான். மேசைமேல் முகம் கழற்றிய மீட்டர்கள் கிடக்கும். பல்சக்கரம் எதுவாக இருந்தாலும் அவர் அதை மூன்று முறை எண்ணுவார். கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு பல்லிலும் வைத்து, உதட்டை அசைத்து எண்ணுவார். மூன்று முறையும் ஒரே எண் வந்தால்தான் வாயைத் திறந்து சொல்வார். நடுவில் யாராவது பேசினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவசரத்தில் இருக்கும் டிரைவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம்.

அவர் மகளுக்கு வரன் வந்த கதை பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார், “எங்க ஊரு பக்கத்துலதாங்க, மெயின் ரோட்டுலேந்து மூணு கிலோமீட்டர்” என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்தார். நாலரை. “ஒன்ற கிலோமீட்டர் பொய் சொல்றவங்க வூட்டுல பொண்ணக் குடுக்க மாட்டேன்” என்று உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “சோத்தத்தான் அளந்து திங்கறீங்க, மனுஷங்களயுமா அளப்பீங்க?” என்று கேட்டதில் மனிதர் இறங்கி வந்தார். கல்யாணம் நடந்தது, பெண்ணும் நன்றாக இருந்தாள். மாப்பிள்ளை எப்படி என்று யாராவது கேட்டால், “தங்கமான பையன்” என்பார். ஒரு நொடி விட்டு, “ஆனா நாலரை கிலோமீட்டர்” என்று சேர்த்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் ஒருநாள் என் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினேன். எழுபதுகளின் கடைசி அது. பெரம்பலூரிலிருந்து அரியலூர், கீழப்பழுவூர் என்று போய்த் திரும்பும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் டிரைவராக இருந்தேன். அந்த பஸ்ஸின் பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம் உடைந்துபோய், முதலாளி பஸ்ஸைத் திருச்சிக்கு அனுப்பி வேறு கிரவுன் போட்டு வாங்கி வந்திருந்தார். பழையது இழுவைக் கிரவுன், மேடு பள்ளத்துக்கு ஏற்றது. புதிதாகப் போட்டது வேகக் கிரவுன். எஞ்சின் அதே சுற்று சுற்றினாலும் சக்கரம் கூடுதலாக உருளும். “டீசலும் மிச்சம், நேரமும் மிச்சம்” என்று முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். வழக்கம்போல முள்ளை ஐம்பதில் வைத்துத்தான் ஓட்டினேன். எஞ்சின் சத்தமும் வழக்கமான ஐம்பதின் சத்தம்தான். ஆனால் எல்லா ஊருக்கும் நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். கீழப்பழுவூரில் ஒரு டீ குடித்த இடத்தில் இரண்டு டீ குடிக்க நேரம் இருந்தது.

அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. மீட்டருக்குச் சக்கரம் எவ்வளவு உருள்கிறது என்று தெரியாது. அது கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிளின் சுற்றைத்தான் எண்ணும். கிரவுனை மாற்றினால், கியர் பாக்ஸில் கேபிளைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அதற்கு மீட்டர் பினியன் என்று பெயர். மாற்றாவிட்டால் முள் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்.

“மீட்டர் பினியன மாத்துனாங்களா?” என்று கேட்டார்.

“மாத்தியாச்சுன்னு திருச்சில சொன்னாங்களாம். மொதலாளி சொன்னாரு.”

“யாரு சொன்னா என்ன? அளந்துருவோம்.”

அவர் வழக்கமாகச் சோதிக்கும் இடம் திருச்சி ரோடு. அப்போது அங்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் அரியலூர் பக்கம் ஒரு சாலைக்குப் போனோம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைச் சுற்றிக்கொண்டு போகும் புதுத் தார் ரோடு அது. நடுவில் ஊர் கிடையாது, ஆடு மாடு குறுக்கே வராது. ஓரத்தில் கிலோமீட்டர் கற்கள் வெள்ளையடித்துப் பளிச்சென்று நின்றன.

அண்ணன் என் சீட்டுக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின்மேல் ஏறி உட்கார்ந்தார். கையில் ரயில்வேக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய பாக்கெட் கடிகாரம்.

“அம்பதுல புடி.”

“அம்பதுலதாண்ணே இருக்கு.”

“நீ சொல்லாத. நானே பாக்கறேன்” என்று எனக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் தலையை நீட்டி முள்ளைப் பார்த்தார். அவர் தலையில் தடவியிருந்த தேங்காய் எண்ணெய் என் சட்டையில் பட்டது. கல்லுக்குக் கல் இப்படியே செய்தார். ஐந்து கிலோமீட்டருக்கு ஐந்து முறை என் சட்டை பாழானது.

ஐம்பது என்பது உண்மையானால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எழுபத்திரண்டு விநாடி ஆக வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் அச்சாக எழுபத்திரண்டு விநாடி ஆனது. ஐந்து கல் தாண்ட ஆறு நிமிடம், ஒரு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“மீட்டர் சரியா இருக்கு. பினியன மாத்திட்டாங்க. ஒனக்குத்தான் பழைய டைம் பழகிப்போச்சு” என்றார்.

“அப்ப முன்னாடியே போய்ச் சேந்துடறேனே, அது ஏண்ணே?”

“ஒன் கண்டக்டர் சீக்கிரம் விசில் அடிக்கறான் போல. அவன அளந்து பாரு.”

அண்ணனே அளந்து சொன்ன பிறகு சந்தேகப்பட நான் யார்? நிம்மதியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, லேசான தூறல். கீழப்பழுவூருக்கு முன்னால் ஒரு பெரிய வளைவு. மழையானாலும் ஐம்பதில் தாராளமாகத் திரும்பக்கூடிய வளைவுதான், நான் ஆயிரம் தடவை திரும்பியிருக்கிறேன். முள் ஐம்பதில் நின்றது. எஞ்சின் சத்தமும் ஐம்பதுதான் என்றது. பஸ் மட்டும் திரும்பவில்லை. பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், ரோட்டைவிட்டு இறங்கி, நாற்று நட்ட வயலில் சேற்றில் உட்கார்ந்தது.

யாரும் சாகவில்லை. முன் சீட்டில் இருந்த ஒரு டீச்சருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்தம்மா வலியில் கத்தின சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஒரே குரலில், “டிரைவர் பறந்தாரு” என்றார்கள். நான் ஐம்பது என்றேன். போலீஸ்காரர் சிரித்தார். கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பன்னெண்டு வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓட்டுன ஆளு. இப்படிப் பண்ணிட்டியே.”

“மொதலாளி, முள்ளு அம்பதுலதான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்.”

“மீட்டரத்தான் அவரு அளந்து சரின்னு சொல்லிட்டாரே. அப்புறம் ஒங் கண்ணு என்னத்தப் பாத்துச்சு? திங்கக்கெழம ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு லெட்டர் போவுது. டிரைவர் ஓவர் ஸ்பீடுன்னுதான் எழுதணும். எனக்கு வேற வழியில்ல.”

அந்தக் கடிதம் போனால் என் லைசென்ஸ் போய்விடும். எங்கள் குடும்பத்தில் களத்துமேட்டை விட்டு முதன்முதலாக வெளியே வந்து ஸ்டீயரிங் பிடித்தவன் நான். அதைவிடக் கொடுமை வேறொன்று. நாலு நாள் என் ஊர் ரஞ்சன்குடியில் வீட்டில் படுத்துக்கிடந்ததில், என் கண்ணையே நான் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன். எழுபதில் நின்ற முள்ளை ஐம்பது என்று நினைத்துக்கொண்டேனோ? என் மனைவிகூட, “தூக்கக் கலக்கமா இருந்திருக்குமோ?” என்று மெதுவாகக் கேட்டாள். அவள்மேல் கோபம்கூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் மீட்டர் அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார்:

“முள்ளு எங்க நின்னுச்சு?”

“அம்பது.”

“வளையறதுக்கு முன்னாடி பாத்தியா, வளையறப்ப பாத்தியா?”

“ரெண்டு தடவையும் பாத்தேன்ணே.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. “சரி, சட்டையப் போடு” என்றார். எல்லோரும் முடிவு கட்டிவிட்டுக் கேட்ட கேள்வியை அவர் ஒருவர்தான் பதில் தெரியாமல் கேட்டார். அதற்கே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பஸ்ஸை ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் அடியில் படுத்து, கியர் பாக்ஸிலிருந்து மீட்டர் பினியனைக் கழற்றினார். நகத்தை வைத்து எண்ணினார். மூன்று முறை. அப்புறம் நாலாவது முறையும் எண்ணினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

“பதினெட்டு.”

“எவ்வளவு இருக்கணும்ணே?”

அவர் பினியனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின்னால் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, கியர் பாக்ஸையும் ஆக்ஸிலையும் இணைக்கும் தண்டில் ஒரு கோடு. ஒரு பக்கம் தரையில் இருந்தால் தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சுற்றுக் கணக்கு. என்னைச் சக்கரத்தை இரண்டு முறை சுற்றச் சொல்லி, தண்டு எத்தனை சுற்றியது என்று படுத்துக்கொண்டே எண்ணினார். ஐந்தே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அவர் நோட்டில் பழைய கிரவுனுக்கு எழுதி வைத்திருந்தது ஏழுக்குக் கொஞ்சம் குறைவு.

வெளியே வந்து சட்டையைத் தட்டாமலே உட்கார்ந்தார்.

“கிரவுன மாத்திருக்கானுவ. பினியன மாத்தல. பதினஞ்சு பல்லு போட்டிருக்கணும். முள்ளு அம்பதுல நின்னா வண்டி அறுவதுல போயிருக்கு தம்பி.”

என் கண் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடம் எனக்கு வந்த பலத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது.

“அப்ப நான் அளந்தது? கல்லுக்குக் கல்லு எழுவத்திரெண்டு செகண்டு. நான்தான பாத்தேன்?”

சனிக்கிழமை காலை இருவரும் அந்தச் சுரங்க ரோட்டுக்குப் போனோம். சைக்கிளின் முன் சக்கரத்தில் ஒரு கம்பியில் சிவப்புத் துணி கட்டினார். சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு போகும் என்று முதலில் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டார். முதல் கல்லிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே துணி மேலே வரும்போதெல்லாம் எண்ணினார். நூறு ஆனதும் ஒரு கூழாங்கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் திரும்ப முதல் கல்லுக்குப் போக வேண்டிவரும். ஐந்து கிலோமீட்டர் முடியும்போது பையில் இருபத்துமூன்றுகூட இருக்கக் கூடாது. இருபத்தேழு இருந்தது.

ஐந்து கல் தூரம், ஆறு கிலோமீட்டர்.

அங்கே ரோட்டோரம் புல் செதுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அண்ணன் கேட்டார். அந்த ரோடு போட்டபோது அவர் கூலிக்கு வேலை பார்த்தவராம்.

“பழைய ரோடு நேரா அந்தக் குழி வழியாத்தாங்க போச்சு. சுண்ணாம்புக்கல்லு வெட்டறதுக்காக ரோட்ட சுத்தி விட்டாங்க. ஒரு கிலோமீட்டர் கூடிப்போச்சு. அந்தாண்ட இருக்கற எல்லாக் கல்லுலயும் நம்பர் மாத்தி எழுதணும்னா நாளாவும்னு காண்ட்ராக்டர் சொன்னாரு. நடுவுல இருந்த நாலு கல்லயும் புடுங்கி, சமமா தள்ளித் தள்ளி நட்டுட்டோம். பாக்கறதுக்கு வித்தியாசமே தெரியல பாருங்க.”

வித்தியாசமே தெரியவில்லைதான். மீட்டர் காட்டிய குறைவும் கற்கள் காட்டிய குறைவும் ஒன்றை ஒன்று அச்சாக மறைத்துவிட்டன. முதலாளியின் பேச்சை நம்பாத மனிதர், திருச்சிக்காரன் பேச்சை நம்பாத மனிதர், கல்லில் எழுதியிருந்ததை நம்பிவிட்டார்.

அண்ணன் பெரியவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, எண்ணிக்கையைச் சரிபார்க்க அதே தூரத்தைத் திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தார். மறுபடியும் இருபத்தேழு.

அங்கிருந்து நேராக முதலாளி ஆபீஸ். மத்தியானம், ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் நாலைந்து பேரும் உள்ளே நின்றிருந்தார்கள். அண்ணன் மேசைமேல் பதினெட்டுப் பல் பினியனை வைத்தார். பக்கத்தில் பையிலிருந்த கூழாங்கற்களைக் கொட்டினார். இரண்டையும் விளக்கினார். பிறகு சொன்னார்:

“தப்பு டிரைவர் மேல இல்லீங்க. எம் மேல.”

முதலாளி நல்லவர்தான். மீட்டர் அண்ணன்மேல் அவருக்கு மரியாதை உண்டு. “அட, கல்லு மேலன்னு சொல்லுங்க. கல்ல மாத்தி நட்டதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றார்.

“கல்லு என்னங்க செய்யும்? கியர் பாக்ஸத் தொறந்து பல்ல எண்ணியிருக்கணும். கால் மணி நேர வேல. அளந்துட்டோம்ங்கற திமிருல எண்ணல. இத அப்படியே எழுதுங்க. ‘மீட்டரச் சோதிச்சவன் பினியனப் பாக்காம சரின்னு சொல்லிட்டான்’னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

“ஒங்க தொழில் என்னாவும், யோசிச்சீங்களா?”

“இந்தத் தம்பி தொழில் என்னாவும்னு யோசிச்சேன்.”

 முதலாளி காகிதத்தை எடுத்து எழுதினார். அண்ணன் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை போனது அந்தக் கடிதம்தான். என் லைசென்ஸ் என்னிடமே இருந்தது.

அந்த ரோட்டில் அவர் சோதித்த வண்டிகள் எங்களுடையதோடு மூன்று. மற்ற இரண்டையும் தேடிப் போய்த் திரும்பப் பார்த்துக் கொடுத்தார். டீச்சர் வீட்டுக்கும் போனார். நானும் கூடப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்தம்மா கட்டுப் போட்ட தோளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இனிமே பல்லு, கல்லு ரெண்டையும் பாருங்க” என்று மட்டும் சொன்னார். அண்ணன் பள்ளிக்கூடப் பையனைப் போலத் தலையாட்டினார்.

அதன் பிறகு ஒரு வருடம் அவருக்கு வேலை குறைவுதான். ஸ்டாண்டில் இளவட்டங்கள், “அண்ணே, கல்லக் கேட்டுச் சொல்லுங்க” என்று கிண்டல் செய்வார்கள். அவர் கோபப்பட்டதே இல்லை. “கேக்காத, எண்ணு” என்பார். அந்தப் பதினெட்டுப் பல் பினியனை முக்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். ‘யாரு சொன்னா?’ மட்டும் நிற்கவில்லை. இன்னும் பலமாகக் கேட்டார்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

பதினைந்து பல் பினியனை மாட்டிய நாள், பால வேலை முடிந்து திறந்திருந்த திருச்சி ரோட்டில் அவரே டேப் பிடித்து அளந்து, புளியமரங்களில் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த ஒரு கிலோமீட்டரில் மீட்டரைச் சோதித்தோம். சரியாக இருந்தது. வேலை முடிந்தது, இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். “கீழப்பழுவூர் வரைக்கும் போ” என்றார்.

விபத்துக்குப் பிறகு நான் அந்த வளைவுக்குப் போகவே இல்லை. தூரத்தில் அதைப் பார்த்ததும் கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்தது. சேற்றில் எங்கள் டயர் கிழித்த தடம்கூட இன்னும் மூடவில்லை. அண்ணன் எஞ்சின் மூடியின்மேல் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடிகாரம் சட்டைப் பையிலேயே இருந்தது.

“அம்பதுல புடி.”

பிடித்தேன். எண்ணெய்த் தலை குறுக்கே வரும் என்று பழக்கத்தில் நான் கொஞ்சம் பின்னால் சாய்ந்தேன். தலை வரவில்லை.

“முள்ளு எங்க நிக்குது?”

“அம்பதுண்ணே.”

“சரி” என்றார்.

திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வளைவில் திரும்பியது.